முயலுக்கு முன் நிழல்



இறைச்சிக்காக முயல் வளர்ப்பதை எவ்வாறு ஆரம்பிப்பது என்பதைக் குறித்துப் பேச வேண்டுமென்று இம்மன்றத்தார் என்னைப் பணித்தபோது, கூட்டத்தை எந்த மாதத்தில் வைத்திருக்கிறீர்கள் என்றுதான் நான் முதலில் கேட்டேன். பங்குனிக் கடைசி என்றார்கள். நல்லது என்றேன். இன்று என் பேச்சைக் கேட்டு உற்சாகங் கொண்டு நாளைக் காலையிலேயே சந்தைக்குப் போய் யாரும் முயல் வாங்கி வந்துவிடக் கூடாது என்பதே நான் சொல்ல வந்தவற்றுள் தலையாயது. கதவு ஜன்னலெல்லாம் திறந்திருந்தும் காற்று நுழையாத இந்த மண்டபத்தில், முகத்தைத் துடைத்துக்கொண்டு அமர்ந்திருக்கும் உங்களுக்கு, அதன் காரணத்தைப் புரியவைப்பது எனக்குச் சற்று எளிதாக இருக்கும்.

முதலில் பிராணியை அறிவோம். நம் பழைய பாட்டுகளில் முல்லைக் கொல்லையில் துள்ளி மறையும் முயலும், நிலவின் களங்கத்தில் பாட்டி நமக்குச் சுட்டிக்காட்டிய முயலும், சோளக்கொல்லை அறுப்பில் காலடியிலிருந்து பாயும் முயலும் காட்டு முயல்கள். அவற்றின் குட்டி பிறக்கும்போதே மயிர் மூடி, கண் திறந்து, சிறிது நேரத்தில் ஓடத் தெரிந்ததாகப் பிறக்கிறது; வளை தோண்டும் வழக்கமும் அவற்றுக்குக் கிடையாது. நாம் கூண்டில் வளர்க்கப்போவது ஸ்பெயின், போர்த்துகல் தேசங்களின் மண்ணில் வளை தோண்டி வாழ்ந்த வேறோர் இனம். அதன் குட்டி கண்மூடி, மயிரின்றி, இளஞ்சிவப்பு விரல்போலப் பிறந்து, தாயின் மயிர்ப்படுக்கையில் பத்து நாள் கிடந்த பிறகே கண் விழிக்கிறது. இவ்விரண்டுக்கும் கலப்பும் உண்டாகாது. காட்டு முயலைக் கண்ணி வைத்துப் பிடித்து வந்து வளர்த்துப் பெருக்கலாம் என்று எண்ணுகிறவர்கள் நம் பக்கத்தில் இன்னும் இருக்கிறார்கள். அது 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறமிருக்க, அந்த ஜீவன் கூண்டில் அடைபட்டால் கம்பியில் மோதிமோதியே மாய்ந்துபோகும்.

வளை முயலை மனிதன் உணவுக்காக வைத்துப் பேணிய சரித்திரம் மிகவும் பழமையானது. கிறிஸ்துவுக்கு முந்தைய முதல் நூற்றாண்டில் வாழ்ந்த ரோமாபுரி ஆசிரியர் வாரோ, உழவைப் பற்றி எழுதிய தம் நூலில், உயர்ந்த மதில் எடுத்து முயல்களை அடைத்து வளர்க்கும் தோப்புகளைப் பற்றிச் சொல்லுகிறார். இன்றைக்கும் பிரான்சிலும் இத்தாலியிலும் முயல் இறைச்சி குடும்பச் சமையலில் சேர்ந்தது. மால்டா தீவில் முயல் குழம்பே தேசத்து விருந்து. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனில் இறைச்சி பங்கீட்டுக்கு வந்த காலத்தில், வீட்டுக் கொல்லையில் முயல் வளர்க்கும்படி அரசாங்கமே ஜனங்களை ஊக்குவித்தது. இதே பிராணியை 1859இல் ஆஸ்திரேலியாவில் விக்டோரியாப் பகுதியில் ஒரு பண்ணைக்காரர் வேட்டைப் பிரியத்தால் சிறு எண்ணிக்கையில் வெளியில் விட்டார். அதன் விளைவாக ஒரு கண்டத்தின் மேய்ச்சல் நிலமே பாழ்பட்டது. ஆகையால், வளர்க்க முடியவில்லை என்று சலித்துப்போய்க் கூண்டைத் திறந்துவிடுவதை எக்காரணங் கொண்டும் செய்யலாகாது.

நம் நாட்டிலும் இதற்கு ஆராய்ச்சி நிலையங்கள் உண்டு. கொடைக்கானலிலிருந்து பூம்பாறை வழியாகப் பூண்டு வயல்களுக்கு நடுவே வளைந்து போகும் பாதையில், மன்னவனூரில், ராஜஸ்தானத்து அவிகாநகரைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய செம்மறியாடு மற்றும் உரோம ஆராய்ச்சி நிலையத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது. புல்வெளியில் செம்மறிகள் மேய, அருகிலுள்ள கொட்டகைகளில் வரிசை வரிசையாகச் சோவியத் சின்சில்லா, வெள்ளை ஜெயண்ட் என்னும் இன முயல்கள் அமர்ந்திருக்கும் காட்சியை நான் முதன்முதலாகப் பார்த்த அன்று, பகல் பன்னிரண்டு மணிக்கும் எனக்குச் சால்வை தேவைப்பட்டது. அந்தச் சால்வையைப் பற்றி நான் அன்றே யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. கூண்டின் நீள அகலத்தைக் குறித்துக்கொண்டேன்; தீவனத்தொட்டி எப்படி மாட்டப்பட்டிருக்கிறதென்று படம் வரைந்துகொண்டேன்; மலையிறங்கி வந்து, சமவெளியில் ஒரு வியாபாரியிடம் பத்து உருப்படிகளை வாங்கி, தகரக் கூரையின் கீழே அதே அளவில் அடித்த கூண்டுகளில், சித்திரை பிறந்து ஐந்தாம் நாள் குடியேற்றினேன்.

அந்தச் சித்திரையின் ஒரு பிற்பகலை நான் மறக்கமாட்டேன். இரண்டு மணி இருக்கும். உணவருந்தி வந்து பார்த்தபோது, பெரிய பெண் முயல் ஒன்று கூண்டின் மூலையில் நெடுக நீட்டிப் படுத்திருந்தது. காது இரண்டும் சிவந்து, நரம்புகள் தடித்து, தொட்டால் சுட்டன. தலையைச் சற்று மேலே தூக்கி, வாயைத் திறந்து, எச்சில் நனைந்த மோவாயுடன் மூச்சை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தது. வாயால் மூச்சு விடும் முயல் ஏறத்தாழப் போய்விட்ட முயல் என்பதை அப்போது நான் அறியேன். தண்ணீர் கொண்டுவர ஓடினேன். திரும்பி வருவதற்குள் கண் நிலைகுத்திவிட்டது. அந்த வாரத்தில் பத்தில் ஏழு இறந்தன. வியாபாரி நோய்கண்ட உருப்படிகளைக் கொடுத்துவிட்டார் என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். எனக்கும் அப்படி நம்பிக்கொள்வது ஆறுதலாகத்தான் இருந்தது. ஆனால், மீதி மூன்றைக் கொண்டுபோய்ப் புளியமரத்தின் அடியில் வைத்ததும் அவை மாலையே எழுந்து அறுகம்புல்லைக் கடித்ததைக் கண்ட பிறகு, தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிக்க என் மனசாட்சி இடங்கொடுக்கவில்லை. கொன்றது என் தகரம்.

முயலுக்கு வியர்க்காது. நமக்கு உடம்பெங்கும் வியர்வை ஆறி உஷ்ணம் தணிகிறது. முயலுக்கோ அதன் காதுகளும் மூச்சுமே உஷ்ணத்தை வெளியேற்றும் வழிகள். பதினைந்து முதல் இருபத்தைந்து டிகிரி வரை அது சுகமாக இருக்கும். முப்பதைத் தாண்டினால் தீனி குறையும். முப்பத்தைந்தை நெருங்கினால் உயிருக்கே ஆபத்து. சாகாமல் தப்பிய ஆண் முயலும் ஒன்றரை, இரண்டு மாதங்களுக்கு வித்துக் கெட்டு மலடாக இருக்கும். சித்திரை வைகாசியில் இணைசேர்த்த பெண்களெல்லாம் சினைப்படவில்லையே, என்ன மருந்து கொடுக்கலாம் என்று ஆனி மாதத்தில் என்னிடம் வந்து கேட்பவர்கள் அநேகர். மருந்து கொட்டகையின் கூரையில் இருக்கிறது.

ஆகவே, சமவெளியில் வாழும் நாம் முயலை வாங்குவதற்கு முன்னால் நிழலைச் சம்பாதிக்க வேண்டும். வேம்போ, புங்கோ, புளியோ ஏற்கெனவே நிற்கும் இடமாகப் பாருங்கள். கூரை தென்னங்கீற்றாகவோ பனையோலையாகவோ இருக்கட்டும். ஓடானால் உயர்த்திப் போடுங்கள். தகரத்தை வேறு வழியின்றிப் போட்டவர்கள் அதன்மேல் கீற்றைப் பரப்பி வெயில் நேரத்தில் தண்ணீர் தெளிக்க வேண்டும். கிழக்கு மேற்காக நீண்ட கொட்டகையில் பக்கவாட்டு வெயில் குறைவாக விழும். சுவர் இடுப்பளவு போதும். அதற்குமேல் கம்பி வலை. நாய், பூனை, கீரி, பாம்பு நான்கும் நுழையாதபடி வலையின் கண் சிறிதாக இருக்க வேண்டும். கோடையில் நனைத்த கோணிச் சாக்கைக் காற்று வரும் பக்கம் தொங்கவிடுவதும், தண்ணீர் உறைந்த பாட்டிலைக் கூண்டுக்குள் கிடத்துவதும் எளிய உபாயங்கள். முயல் அந்தப் பாட்டிலின்மேல் வயிற்றைச் சாய்த்துப் படுத்துக்கொள்வதை நீங்களே பார்ப்பீர்கள்.

கூண்டு தாய்க்கு மூன்றடி நீளம், இரண்டடி அகலம், ஒன்றரை அடி உயரம் இருந்தால் தாராளம். தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில் அமைத்து, அடிப்பக்கத்துக்கு அரை அங்குலத்துக்கு ஓர் அங்குலக் கண்ணுள்ள வெல்டு மெஷ் போட்டால் புழுக்கையும் மூத்திரமும் கீழே விழுந்துவிடும். ஆனால் இருபத்துநாலு மணி நேரமும் கம்பியிலேயே நிற்கும் கனத்த முயலுக்குப் பின்னங்கால் புண்ணாகும். ஒரு சாண் அகலப் பலகை ஒன்றைக் கூண்டில் போட்டுவைப்பது அதற்குச் செய்யும் சிறு உபகாரம். கூண்டின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். பிறந்த குட்டியைக் கட்டெறும்பு கடித்துக் கொன்றதைக் கண்ட ஒருவருக்கு இதை இரண்டாம் முறை சொல்ல வேண்டியதில்லை.

எத்தனை உருப்படியில் தொடங்குவது? மூன்று பெண், ஓர் ஆண். இதற்குமேல் ஒன்றும் வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பெண் வருஷத்துக்கு நான்கு முறை ஈன்று, முறைக்கு ஐந்து குட்டி பிழைத்தால் மூன்று பெண்களுக்கு அறுபது குட்டி. அவை மூன்று மாதத்தை ஒட்டி ஆளுக்கு இரண்டு கிலோ நிற்கும். அதில் பாதிக்குச் சற்று மேல் இறைச்சி. அறுபது கிலோவுக்குக் குறையாத இறைச்சி என்றால், ஒரு குடும்பத்துக்கு வாரத்துக்கு ஒரு கிலோவுக்கு மேல் ஆயிற்று. கொழுப்புக் குறைந்த, கோழி மார்புபோல வெளுத்த, குழந்தைக்கும் வயோதிகருக்கும் ஏற்ற மாமிசம். இந்த நால்வரோடு ஒரு வருஷம் பழகி, நான்கு பருவத்தையும் கண்டபிறகு நாற்பது வைத்துக்கொள்ளுங்கள். அப்போது என்னைக் கேட்க வேண்டிய தேவை இராது. முதல் வருஷம் பெருக்குவதற்கான காலமன்று, பார்ப்பதற்கான காலம். நான் செய்த தவற்றைவிடப் பெரிய தவற்றை, நூறு உருப்படியோடு தொடங்கிக் கடனில் முடிந்தவர்கள் செய்திருக்கிறார்கள்.

வாங்கும்போது ஐந்தாறு மாத வயதுடையதாய், மூக்கு ஈரமின்றி, காதுக்குள் பொருக்கு இல்லாமல், பின்கால் அடியில் புண்ணின்றிப் பார்த்து வாங்குங்கள். முன்கால் உட்புறத்து மயிர் சிக்குப் பிடித்து ஒட்டியிருந்தால், அது சளியைத் துடைத்துத் துடைத்து உண்டான அடையாளம், வேண்டாம். ஆணையும் பெண்ணையும் ஒரே வீட்டில் வாங்காதீர்கள். உடன்பிறந்தவையாய் இருந்தால் வம்சம் நலியும்.

இனி ஆகாரம். அறுகு, வேலிமசால், குதிரைமசால், அகத்தி, முருங்கை, கல்யாண முருங்கை ஆகியவற்றின் தழை முயலுக்கு உகந்தது. சூபாபுல் தழையை அதிகம் போட்டால் மயிர் உதிரும், கைப்பிடியோடு நிறுத்துங்கள். காலையில் அறுத்த தழையை ஒரு பொழுது வாடவிட்டு, ஈரம் உலர்ந்தபின் கட்டித் தொங்கவிட வேண்டும். பனியோடும் மழையோடும் அள்ளிப் போட்டால் குட்டிகளுக்கு வயிறு உப்பிக் கழிச்சல் காணும். வளர்ந்த முயலுக்கு அடர்தீவனம் நாளைக்கு நூறு, நூற்றைம்பது கிராமும் பசுந்தழை இரண்டு கைப்பிடியும் போதும். பால் கொடுக்கும் தாய்க்கு மட்டும் கணக்குப் பார்க்காதீர்கள். முட்டைக்கோஸ் இலையும் காரட்டும்தான் முயலின் உணவென்று படப் புத்தகத்தில் பார்த்த நினைவில் அவற்றையே கொட்டுகிறவர்கள் உண்டு. அவை பண்டமேயன்றி உணவல்ல. ஜீரணத்துக்கு நார்தான் ஜீவாதாரம்.

இங்கே ஒரு விஷயம். விடியற்காலையில் முயல் குனிந்து தன் பின்புறத்திலேயே வாயை வைத்து எதையோ உண்பதைக் கண்டு, தீனி போதாமல் எச்சத்தைத் தின்கிறதே என்று பதறி வந்த ஓர் அம்மையாரை நான் அறிவேன். அது பகலில் உதிரும் உருண்டைப் புழுக்கையன்று. பெருங்குடல் வாயிலுள்ள பையில் நுண்ணுயிர்களால் புளித்துப் பக்குவமான, திராட்சைக் கொத்துப்போன்ற மெதுவான வேறொரு பொருள். மாடு அசைபோடுவதற்குச் சமானமாக, முயல் தன் ஆகாரத்தை இரண்டாம் முறை உட்கொண்டு, அதிலுள்ள புரதத்தையும் சத்தையும் பெறுகிறது. அந்தப் பையிலுள்ள நுண்ணுயிர்களே முயலின் உயிர்நாடி என்பதால்தான், கோழிக்கும் ஆட்டுக்கும் கொடுக்கும் சில மருந்துகளை, முக்கியமாகப் பெனிசிலின் வகையைச் சேர்ந்த ஆம்பிசிலின், அமாக்சிசிலின் முதலியவற்றை, வாய்வழியே முயலுக்குக் கொடுத்தால் வயிறு கெட்டு மாண்டுபோகிறது. மருந்துக் கடையில் கேட்டு வாங்காதீர்கள். கால்நடை மருத்துவரிடம் முயல் என்று சொல்லிக் கேளுங்கள். காதுச் சொறியும், குட்டிகளின் ரத்தக் கழிச்சலும், மூக்குச் சளியும் அடிக்கடி வரும் வியாதிகள். முதலாவதை மருத்துவர் எளிதில் தீர்ப்பார்; இரண்டாவது சுத்தமின்மையால் வருவது; மூன்றாவது கண்ட உருப்படியை இனப்பெருக்கத்துக்கு வைக்கலாகாது.

இணைசேர்க்கும்போது பெண்ணை ஆணின் கூண்டுக்கு எடுத்துச் செல்ல வேண்டும். ஒருபோதும் ஆணைப் பெண்ணிடம் கொண்டுபோகாதீர்கள். தன் இடத்தில் புகுந்த ஆணைப் பெண் கடித்துக் குதறிவிடும். பசுவைப்போல இருபத்தோரு நாளுக்கொரு முறை பருவம் வரும் பிராணியன்று இது. இணைசேர்ந்த பிறகே, ஏறத்தாழப் பத்து மணி நேரங் கழித்து, கருமுட்டை வெளிப்படுகிறது. பன்னிரண்டு நாள் கழித்து அடிவயிற்றைப் பதமாகத் தடவினால், பழகிய விரலுக்குக் கோலிக்குண்டுகள்போலத் தட்டுப்படும். முப்பத்தோராம் நாளை ஒட்டி ஈனும். இருபத்தெட்டாம் நாளில், இருபது அங்குல நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமுமுள்ள பெட்டியில் தேங்காய்நாரைப் பிய்த்துப் போட்டுக் கூண்டுக்குள் வைத்துவிடுங்கள்.

என் கொட்டகையில் புளியமரத்தடி மூன்றில் ஒன்று முதன்முதல் ஈன்றது கார்த்திகை மாதத்து ஓர் இரவில். முந்திய நாள் மாலையிலிருந்தே அது தீனியைத் தொடாமல், வாயில் நாரைக் கவ்வியபடி மீசை முளைத்ததுபோல அங்குமிங்கும் அலைந்தது. பிறகு குனிந்து, தன் வயிற்றிலிருந்தும் தாடையடியிலிருந்தும் வெண்மயிரைக் கற்றை கற்றையாகப் பிடுங்கத் தொடங்கிற்று. அதற்கு வலிக்காதா என்று என் மனைவி கேட்டாள். அந்தச் சமயத்தில் மயிரின் வேர் தானே தளர்ந்துவிடுகிறது. விடிந்தபோது பெட்டியில் ஒரு குட்டியும் கண்ணுக்குத் தென்படவில்லை. வெண்மயிர்க் குவியல் மட்டும் இருந்தது. உற்று நோக்கினால் அந்தக் குவியல் முழுவதும் ஒரே மார்பாக மெல்ல உயர்ந்து தாழ்ந்துகொண்டிருந்தது. கையை அதன் படுக்கையில் தேய்த்துக்கொண்டு, மயிரை விலக்கி எண்ணினேன். ஏழு. ஒவ்வொன்றின் வயிறும் பால் நிறைந்து வெளுத்துத் தெரிந்தது.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், புதியவர்கள் பிழை செய்வது பெரும்பாலும் இந்த நாட்களில்தான். தாய் முயல் குட்டிகளோடு படுத்திருக்காது. நாளொன்றுக்கு ஒரு முறை, மூன்று நான்கு நிமிஷம் மட்டும், பெட்டிக்குள் குதித்துப் பால் கொடுத்துவிட்டு வெளியேறிவிடும். தாய் தள்ளிவிட்டதென்று எண்ணிக் குட்டிகளை எடுத்துப் பசும்பால் புகட்டிக் கொன்றவர்கள் அநேகர். வயிறு நிறைந்திருக்கிறதா என்று காலையில் ஒரு தரம் பாருங்கள். இறந்தது இருந்தால் அகற்றுங்கள். மற்றபடி சத்தம் போடாதீர்கள், அயலாரை அழைத்து வந்து காட்டாதீர்கள். ஈன்ற அன்று தண்ணீர் வற்றிப்போனாலோ, பயந்துபோனாலோ, தாய் குட்டியைத் தின்றுவிடுவதும் உண்டு. அதைக் கொடுமை என்று சொல்வதைவிட, அது நம் அஜாக்கிரதை என்று சொல்வதே நியாயம்.

விற்பனையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். குட்டியை நாங்களே திரும்ப வாங்கிக்கொள்கிறோம், மாதாமாதம் பணம் தருகிறோம், முன்பணம் மட்டும் கட்டுங்கள் என்று எவர் வந்தாலும் வாசலோடு அனுப்பிவிடுங்கள். பெருந்துறைப் பக்கத்தில் இப்படிப்பட்ட வாக்கை நம்பி ஈமு கோழிக்கு முன்பணம் கட்டிய குடும்பங்கள் 2012இல் அதை இழந்து நின்றது நாடறிந்த விஷயம். உண்பவர் யாரென்று தெரியாமல் பெருக்குவது தொழிலாகாது. முதல் வருஷத்துக்கு உங்கள் வீட்டு அடுப்பே உங்கள் சந்தை, அதற்கடுத்தது அண்டைவீடு, கடைக்கும் ஓட்டலுக்கும் கொடுக்க எண்ணும்போது, உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் அன்றைய விதியைக் கேட்டு, உரிமம் பெற்றுக்கொண்டு இறங்குங்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் பேச வேண்டும். இறைச்சிக்காக வளர்ப்பவன் ஒருநாள் கொல்லவும் வேண்டும். அதற்கு மனம் ஒவ்வாதவர்கள் இத்தொழிலுக்கு வர வேண்டாம். அதில் இழிவு ஒன்றுமில்லை. ஒவ்வியவர்கள், கைதேர்ந்த ஒருவரிடம் நேரில் கற்றுக்கொண்டு, மற்ற முயல்களின் கண்ணுக்கும் காதுக்கும் எட்டாத இடத்தில், அது அறியுமுன்னே நினைவிழக்கும்படி ஒரே நொடியில் முடிக்க வேண்டும். காதைப் பிடித்துத் தூக்காதீர்கள். அது பிராணிக்கு மிகுந்த வேதனை. பிடரித் தோலை ஒரு கையால் பற்றி, மறுகையால் பின்பாகத்தைத் தாங்கி, மார்போடு அணைத்து எடுத்துச் செல்லுங்கள். கடைசி நாளன்றும் அப்படியே. வீட்டிலுள்ள குழந்தைகளிடம் எது வளர்ப்புக்கு, எது உணவுக்கு என்பதை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள். பள்ளிவிட்டு வந்த பிள்ளை காலிக் கூண்டைப் பார்த்து அழும்படி வைத்துவிடலாகாது.

பேச்சை முடிக்குமுன் ஒரு வார்த்தை: வாசலில் வைத்திருக்கும் துணிப்பையில் வேலிமசால் விதை இருக்கிறது. வீட்டுக்கு ஒரு கைப்பிடி எடுத்துச் செல்லுங்கள். அதன் தோல் கடினமானது; அப்படியே தூவினால் பாதிகூட முளைக்காது. தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்கி, நான்கு நிமிஷம் ஆறவிட்டு, அந்தச் சூட்டில் நான்கைந்து நிமிஷம் விதையை ஊறவைத்து, பிறகு குளிர்நீரில் அலசி நிழலில் உலர்த்தி, கிணற்றுத் தண்ணீர் பாயும் வரப்போரமாக விதையுங்கள். தொண்ணூறு நாளில் முதல் அறுப்பு. அதன்பின் நாற்பது நாளுக்கொரு முறை. இன்று விதைத்தால் ஆனிக் கடைசியில் தழை அரிவாளுக்கு வரும். ஆடிக்காற்று கொட்டகையின் கீற்றைச் சோதித்துப் பார்க்கட்டும். ஆவணி பிறந்து வெயில் தணிந்ததும் மூன்று பெண்ணும் ஓர் ஆணும் வாங்கப் புறப்படுவோம். வேண்டுமானால் நானும் கூட வருகிறேன்.